புது டிஎஸ்எல்ஆர்ல எடுத்த மொதோ படமெல்லாம் சாம்பலா வருதுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். அக்கா வெளிநாட்டுல இருந்து அனுப்புன காசுல கெனன் 1500டி வாங்கியிருக்காரு, கூட வந்த 18-55 லென்ஸ்தான் இருக்கு. சனிக்கெழம அம்மா மலையில கொழுந்து எடுக்குறத எடுத்தாரு, பனிமூட்டம் பூரா அழுக்கு சாம்பலா வந்துருச்சி, அம்மா மொகம் கறுத்து போச்சி, அதுவும் இல்லாம முன்னாடி நிக்கிற தேயிலை எலை மட்டும் தெளிவா இருக்கு. மத்தியானம் சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு போயி எடுத்தா தண்ணி வெள்ள கடதாசி ஒட்டுன மாதிரி. ராவைக்கு வீட்டுல அண்ணன் புள்ளைங்கள எடுத்தா எல்லாம் ஆடிப்போன படம். கண்ணு வச்சி பாக்குற எடமே மங்கலா இருக்காம். போன்ல எடுத்தது இத விட நல்லாருக்கு, கடையில திருப்பி குடுத்துரவா, இல்லாட்டி வாற பொயாவுக்கு (பௌர்ணமிக்கு) சிவனொளிபாத மலைக்கு கொண்டு போயி ஒருக்கா பாக்கவான்னு கேக்குறாரு.

திருப்பி குடுக்காதீங்க. நீங்க சொன்ன ஒண்ணு கூட கெமராவோட பழுது இல்ல. நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழான்னு 12 வருஷமா எடுக்குறேன், மொதோ நாளு எனக்கும் இதே படம்தான் வந்துச்சி, அதே சாம்பல் கலரு.

மொதல்ல லேசான விஷயத்த முடிச்சிருவோம். கண்ணு வச்சி பாக்குற ஓட்டைக்கு பக்கத்துல, வலது பக்கம் மேல, சின்னதா பல்லு வச்ச ஒரு சக்கரம் இருக்கும், நகத்தால உருட்டணும். அது ஒங்க கண்ணு பவருக்கு ஏத்த மாதிரி சரி பண்றதுக்கு உள்ளது. வெளிய இருக்குற காட்சிய பாத்து உருட்டாதீங்க, உள்ளுக்குள்ள தெரியிற 9 புள்ளி இருக்குல்ல, அந்த புள்ளி கூர்மையா தெரியிற வரைக்கும் உருட்டுங்க. அவ்ளோதான். பாதி பேரு இத தெரியாம லென்ஸ் பழுதுன்னு கடைக்கு தூக்கிட்டு போறாங்க. நானும் போனவன்தான், கடைக்காரரு ஒண்ணும் பேசாம ஒரு உருட்டு உருட்டி கையில குடுத்தாரு.

போன் ஏன் நல்லா எடுக்குதுன்னா, போன் ஒரு தடவ நீங்க தட்டும்போது உள்ளுக்குள்ள பல படம் எடுத்து, இருட்டா இருக்குறத வெளிச்சமாக்கி, வானத்த கொறச்சி, எல்லாத்தையும் ஒட்டவச்சி சமைச்சி தட்டுல வச்சி குடுக்குது. டிஎஸ்எல்ஆர் அப்புடி இல்ல, கண்ணாடி ஒண்ணு மேல தூக்கும், பின்னாடி ஷட்டர் தொறக்கும், அந்த நேரத்துல விழுந்த வெளிச்சம் ஒரே ஒரு படம், அவ்ளோதான். மளிகை சாமான் வாங்கி குடுத்த மாதிரிதான், சமையல் நீங்கதான் பண்ணணும். ஆனா போன்ல ஒட்டவச்ச மொகத்த பெரிசாக்கி பாருங்க, மெழுகு மாதிரி இருக்கும். 24 மெகாபிக்சல்ல ஒழுங்கா ஃபோகஸ் பண்ணி எடுத்த ஒங்க அம்மா மொகத்த பெரிசாக்குனா, நெத்தியில கூடை கயிறு அழுத்துன தடம் வரைக்கும் தெரியும்.

இப்ப சாம்பலுக்கு வருவோம், இதுதான் முக்கியம், நம்ம ஊருல கெமரா புடிக்கிற எல்லாருக்கும் இதுலதான் மொதோ அடி. கெமராவுக்குள்ள வெளிச்சத்த அளக்குற ஒரு மீட்டர் இருக்கு. அதுக்கு எது பனி எது சட்டைன்னு தெரியாது. முன்னாடி என்னா இருந்தாலும் எல்லாத்தையும் சேத்து பாத்தா நடுத்தரமான ஒரு சாம்பல் அளவுலதான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டுதான் அது கணக்கு போடுது. சாதாரண எடத்துல அந்த கணக்கு சரியா வரும். ஆனா காலையில 7 மணிக்கு மலை பூரா வெள்ளையா மூட்டம் எறங்கி இருக்கும்போது, மீட்டர் "அம்மாடி இது மிச்சம் வெளிச்சம்"னு பயந்து கொறச்சிரும், வெள்ள சாம்பலாயிரும். அதே மாதிரி கரும்பச்சையா தேயில மட்டும் பூரா நெறஞ்சி நிக்கிற படத்துல, "இது இருட்டு"ன்னு கூட்டிரும், பச்சை வெளிறி போயி காஞ்ச கொழுந்து மாதிரி ஆயிரும். நம்ம ஊருல இருக்குறதே இந்த ரெண்டு கலருதான். அதுனாலதான் மத்தவங்க எழுதி வச்சிருக்குறத பாத்து அப்புடியே செஞ்சா இங்க சரி வர மாட்டேங்குது, அவங்க வெயில் ஊருக்கு எழுதுறாங்க.

இதுக்கு மருந்து ரொம்ப லேசு. மேல இருக்குற டயல்ல பச்சை கட்டம் போட்ட ஆட்டோவ விட்டுட்டு ஏவின்னு எழுதியிருக்குறதுக்கு கொண்டு வாங்க. பின்னாடி ஸ்க்ரீன் பக்கத்துல ஏவி எழுதி கூட்டல் கழித்தல் போட்ட ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கி புடிச்சிக்கிட்டே ஷட்டருக்கு பின்னாடி இருக்குற சக்கரத்த உருட்டுனா ஒரு கோட்டுல சின்ன முள்ளு நகரும். மூட்டத்துக்கு அத கூட்டல் 1க்கு வைங்க, மூட்டம் நல்லா அடர்த்தின்னா 1.3 வரைக்கும் போலாம். தேயில மட்டும் நெறஞ்ச படத்துக்கு கழித்தல் 0.7. எடுத்த படத்த பாக்கும்போது டிஸ்ப்னு (DISP) எழுதுன பட்டன அமுக்குனா மலை மாதிரி ஒரு கிராஃப் வரும், அந்த மலை வலது பக்க சொவத்துல போயி முட்டாம கிட்ட நின்னா வெள்ள வெள்ளையா இருக்கு, நடுவுல குந்திக்கிட்டு இருந்தா சாம்பல்னு அர்த்தம். ஸ்க்ரீன் வெளிச்சத்த நம்பாதீங்க, குளுருல விடியகாத்தால பாத்தா எல்லாமே நல்லாதான் தெரியும். வேல முடிஞ்சி அந்த முள்ள மறக்காம பூச்சியத்துக்கு கொண்டு வாங்க, மறந்தா அடுத்த நாளு படமெல்லாம் வெளுத்துரும்.

அம்மா மொகம் கறுத்ததும் இதே கதைதான். அவங்களுக்கு பின்னாடி வானம். நீங்க கீழ்மட்டத்துல நின்னு மேல பாத்து எடுத்திருக்கீங்க, மலைச்சரிவுல எல்லாரும் அப்புடித்தான் நிப்போம், ஏன்னா ரோட்டு கீழ இருக்கு. ஒரு நாலு வரிசை மேல ஏறி நின்னு கீழ பாத்து எடுங்க, பின்னாடி வானத்துக்கு பதிலா தேயில வரும், மொகம் தானா வெளிச்சமாயிரும், ஒரு பட்டனும் தொட வேணாம். மேல ஏற எடமில்லன்னா அதே கூட்டல் 1, வானம் வெளுத்தா வெளுக்கட்டும், மொகம்தானே முக்கியம்.

எலை தெளிவா வந்து மொகம் மங்குனதுக்கு காரணம், ஒங்க கெமரா 9 புள்ளியில அதுவா ஒண்ண தேடிக்குது, பெரும்பாலும் கிட்ட இருக்குறத புடிச்சிரும். தேயில மலையில கிட்ட இருக்குறது எப்பவும் தேயிலதான். நடுப்புள்ளிய மட்டும் வைங்க, அந்த ஒண்ணுதான் ஒங்க கெமராவுல மத்தத விட நல்லா புடிக்கும். எடுக்குற ஆளோட கண்ணு மேல புள்ளிய வச்சி ஷட்டர பாதி அமுக்குங்க, பீப் சத்தம் வரும், விரல எடுக்காம கெமராவ நகத்தி ஒங்களுக்கு வேண்டிய மாதிரி படத்த அமைச்சி மீதிய அமுக்குங்க. இது மொதோ ரெண்டு நாளு கை தடுமாறும், மூணாவது நாளு பழகிரும். அடர்ந்த மூட்டத்துல ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடி கிர்ர் கிர்ர்னு நிக்கவே நிக்காது, வெள்ளையில அதுக்கு புடிக்க ஒண்ணும் இல்ல. அந்த நேரம் நெழல் மரத்தோட ஓரம், ஸ்டோரு (தேயில ஃபெக்டரி) கூரை விளிம்பு, ஆளு இடுப்புல கட்டுற படங்கு துணி விளிம்பு மாதிரி கறுப்பும் வெள்ளையும் சேர்ற எடத்துல புள்ளிய வைங்க.

சென் கிளேயர் பத்தி. வெயில் நேரா விழுற நேரம் போனா யாரு எடுத்தாலும் அப்புடித்தான், பாறை கறுப்பு தண்ணி வெள்ள, ரெண்டையும் ஒரே படத்துல புடிக்க அந்த சென்சாரால ஏலாது. வெளுத்து போன எடத்த பொறவு எதுல போட்டாலும் திருப்பி எடுக்க முடியாது, அதுனால தண்ணிக்கு கழித்தல் 1 வச்சி எடுங்க. இல்லாட்டி மேகம் மூடுன நாளு இல்ல வெள்ளன போங்க. தண்ணி பட்டுத்துணி மாதிரி வழியிற படம் வேணும்னா ஷட்டர் கால் செக்கன், அர செக்கன் தொறந்து இருக்கணும், ஐஎஸ்ஓ 100, எஃப் 11 இல்ல 16 (இது என்னான்னு கீழ சொல்றேன்). அதுக்கு மேல எஃப் 22ன்னு போனா படம் பூரா லேசா மங்கும், வேணாம். ட்ரைபொட் இல்லையா, ரோட்டோர தடுப்பு சொவத்துல ஒரு சின்ன மூட்டையில அரிசியோ மணலோ போட்டு வச்சி அதுமேல கெமராவ குந்த வைங்க, 2 செக்கன் டைமர் போடுங்க, விரல் அமுக்குற ஆட்டம் கூட வராது. அப்பர் கொத்மலை மின்சார திட்டம் வந்த பொறகு அங்க தண்ணி முந்தி மாதிரி இல்ல, மழை பேஞ்ச மறுநாளு போறதுதான் புத்தி. டெவன் நீர்வீழ்ச்சியும் அதே ரோட்டுலதானே, ரெண்டையும் ஒரே நாளுல பாத்துரலாம்.

எஃப் நம்பர் கொழப்புதுன்னும் கேட்டிருந்தீங்க. லயத்து பீலிய, அதான் தோட்டத்து லைன் வீட்டுக்கு தண்ணி வாற குழாய நெனச்சிக்கோங்க. கொடத்துல தண்ணி எவ்ளோ நெறையுங்கிறது பீலி எவ்ளோ அகலம், கொடத்த எவ்ளோ நேரம் புடிச்சீங்க, இந்த ரெண்டுலதான். அகலம்தான் எஃப், நேரம்தான் ஷட்டர். நம்பர் சின்னதானா அகலம் பெருசு, இத மட்டும் தலகீழா ஞாபகம் வச்சிக்கணும். ஐஎஸ்ஓங்கிறது பத்தாத தண்ணிய பெருக்கி காட்டுறது, பெருக்கும்போது அதுல உள்ள கலங்கலும் சேந்து பெருகும், அதுதான் இருட்டு படத்துல வாற புள்ளி புள்ளி.

வீட்டுக்குள்ள புள்ளைங்க ஆடுறதுக்கு இதுதான் காரணம். ஒரு எல்ஈடி பல்பு, ஒங்க லென்ஸ் 55ல எஃப் 5.6 வரைக்கும்தான் தொறக்கும், அப்ப கெமரா வேற வழியில்லாம ஷட்டர 1/10 செக்கன் அளவுக்கு இழுத்துரும், அதுக்குள்ள புள்ள ரெண்டு தடவ குதிச்சிரும். லென்ஸ் வளையத்த திருப்பி 18க்கு கொண்டு வாங்க, அங்க எஃப் 3.5 கெடைக்கும், ஐஎஸ்ஓ 1600 இல்ல 3200 வைங்க, புள்ளி வந்தாலும் பரவால்ல, ஆடுன படத்த விட புள்ளி விழுந்த படம் மேல். ஷட்டர் 1/100 வந்தா பெரும்பாலும் போதும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சில மலிவு பல்பு செக்கனுக்கு 100 தடவ மினுங்கும், 1/100க்கு மேல வேகமா போனா படத்துக்கு படம் வெளிச்சம் மாறும், குறுக்க பட்டை விழும், கெமரா பழுதுன்னு பயந்துராதீங்க. பொப் அப் ஃபிளாஷ வேற வழியே இல்லன்னா மட்டும். மூட்டத்துல அத அடிக்கவே அடிக்காதீங்க, காத்துல நிக்கிற தண்ணி துளி எல்லாம் வெள்ள உருண்டையா படம் பூரா தொங்கும்.

அடுத்து எல்லாரும் ஒங்களுக்கு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்குன்னு சொல்லுவாங்க. வெளிச்ச கணக்குல அது உண்ம, 5.6ஐ விட கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள விடும், விலையும் கொறவு, மொகத்துக்கு அத அடிச்சிக்க ஆளில்ல. ஆனா ஒங்க கெமரா சென்சார் சின்னது, 1.6ஆல பெருக்கணும், 50 வந்து 80 மாதிரி நடந்துக்கும், அதாவது படத்துக்குள்ள கொஞ்ச எடம்தான் அடங்கும். 10க்கு 12 அடி காம்பராவுல (அறையில) கட்டில், அலுமாரி, சாமி படம் எல்லாம் போக நீங்க எங்க பின்னாடி போவீங்க? நான் அத வாங்கி மொதோ சடங்கு வீட்டுக்கு கொண்டு போயி, முதுகு சொவத்துல ஒட்டி நின்னும் அந்த புள்ளையும் தாய்மாமனும் ஒண்ணா படத்துக்குள்ள வரல, கடைசியில ஜன்னலுக்கு வெளிய இஸ்தோப்புல (திண்ணையில) நின்னு எடுத்தேன், எல்லாரும் சிரிச்சாங்க. லயத்து வீட்டுக்குள்ள எடுக்குறதுதான் ஒங்க ஆசன்னா 24 எம்எம் எஃப் 2.8 பாருங்க, தட்டையா பிஸ்கட் மாதிரி இருக்கும், வெளிச்சம் 50 அளவுக்கு இல்ல, ஆனா எடம் பத்தும். ஆனா இப்ப ஒண்ணும் வாங்காதீங்க, ஆறு மாசம் போகட்டும், 18-55ல நீங்க அடிக்கடி எந்த நம்பர்ல நிக்கிறீங்கன்னு படத்தோட விபரத்துலயே இருக்கும், அத பாத்துட்டு வாங்குங்க.

நீங்க கேக்காத ஒண்ண சொல்லணும், இது கேக்காததுனாலதான் பயமா இருக்கு. பூசணம். நம்ம குளுருலயும் ஈரத்துலயும் லென்ஸுக்கு அதுதான் எமன். மொதோ லென்ஸ நான் தோல் பையில போட்டு அலுமாரியில அம்மாவோட சாரிக்கு நடுவுல பூச்சி உருண்டையோட பத்திரமா வச்சேன், வெசாக் நேரம் வச்சது, நடுவுல தென்மேல் மழை பூரா பேஞ்சி தீபாவளிக்குத்தான் எடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரா புடிச்சி பாத்தா உள்ளுக்குள்ள சிலந்தி நூல் கட்டுன மாதிரி வெள்ளையா கெளை கெளையா ஓடியிருக்கு. தொடைக்கலாம்னா கண்ணாடிக்கு உள்பக்கம். கழட்டி கழுவ கேட்ட காசுக்கு இன்னொரு பழைய லென்ஸ் வாங்கலாம். அதுனால இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, சிலிகா ஜெல் ஒரு பொட்டலம், முடிஞ்சா ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர், அதுல 40க்கும் 50க்கும் நடுவுல நின்னா சரி. தோல் பை ஈரத்த உறிஞ்சி வைக்கும், அதுல வைக்க வேணாம். அரிசிக்குள்ள போடுறதும் வேணாம், தவிடு உள்ள போகும். அடுப்பு மேல பரண்ல வைக்கிற பழக்கம் சில வீட்டுல இருக்கு, பொகை எண்ணெயா படியும், அதுவும் வேணாம். எல்லாத்த விட நல்லது கெமராவ அடிக்கடி வெளிய எடுத்து பாவிக்கிறது.

இன்னொண்ணு, குளுருல இருந்து வந்த கையோட நேரா அடுப்படிக்கு கெமராவ தூக்கிட்டு போகாதீங்க, தேத்தண்ணி கொதிக்கிற ஆவி குளுந்த கண்ணாடியில பட்ட ஒடன வேர்த்துரும். பைக்குள்ளயே ஜிப்ப மூடி அர மணித்தியாலம் வைங்க, பை மேல வேர்த்துட்டு போகட்டும். வேர்த்த லென்ஸ கழட்டவும் கூடாது, சட்ட முனையால தொடைக்கவும் கூடாது.

ரோவா (சென்சார் புடிச்சத சமைக்காம வைக்கிற ஃபைல்) ஜேபெக்கா (கெமராவே சமைச்சி குடுக்குற படம்)ன்னு கேட்டிருந்தீங்க, ரெண்டும் சேத்து எடுக்குற மாதிரி மெனுவுல இருக்கு, அத வைங்க, இப்ப ஜேபெக்க பாருங்க, கம்பியூட்டர் ஒண்ணு கெடைக்கும்போது ரோவ தொறந்து பாக்கலாம், சாம்பலா போன மூட்டத்தக்கூட அதுல கொஞ்சம் மீட்கலாம்.

ஆடுன படத்தையும் மங்குன படத்தையும் எல்லாம் அழிச்சிட்டேன்னு எழுதியிருந்தீங்க, அது எனக்கு கொஞ்சம் வருத்தம். பொகவந்தலாவ சென் மேரி கோயில் வளவுல ஜூலியா மார்கரெட் கெமரூன்னு ஒரு அம்மாவோட கல்லறை இருக்கு. ஒலகத்துலயே பேர் வாங்குன போட்டோக்காரி, மொதோ கெமரா கையில கெடச்சது 1863ல, அப்ப அவங்களுக்கு 48 வயசு, மகளும் மருமகனும் குடுத்தது. அவங்க படமெல்லாம் கொஞ்சம் மங்கலா ஃபோகஸ் நழுவி இருக்குன்னு அந்த காலத்து ஆளுங்க திட்டுனாங்க, இப்ப அந்த மங்கலத்தான் அழகுன்னு சொல்றாங்க. 1875ல இங்க வந்தாங்க, 1879ல டிக்கோயா பக்கம் செத்து போனாங்க. கண்ணாடி தட்டுல மருந்து பூசி அது காயிறதுக்குள்ள எடுத்து கழுவணும், அந்த முறையில நம்ம தோட்டத்து ஆளுங்களையும் எடுத்திருக்காங்க. படத்துல இருக்குற நம்மாளுங்க முக்காவாசி பேருக்கு பேரு கெடையாது. அத பாத்ததுல இருந்து நான் யார எடுத்தாலும் பேர கேட்டு எழுதிக்கிறேன், 4க்கு 6 பிரிண்ட் ஒண்ணு போட்டு அவங்க கையில குடுத்துருவேன். ரோட்டுல வாற டூரிஸ்ட் மாதிரி தூரத்துல இருந்து கிளிக் பண்ணிட்டு போறதுக்கு நமக்கு என்னா அவசரம்.

இனி சிவனொளிபாத மலை. தாராளமா கொண்டு போங்க, ஆனா ட்ரைபொட்ட விட்டுட்டு போங்க, பொயா கூட்டத்துல படிக்கட்டுல விரிக்க எடமே கெடைக்காது, ஏறுறவங்களுக்கும் தொந்தரவு. 2,243 மீட்டர் ஒசரம், விடியகாத்தால குளுருல பெட்டரி சீக்கிரம் எறங்கும், இன்னொரு பெட்டரி இருந்தா பையில போடாம சட்டைக்கு உள்பக்கம் ஒடம்போட ஒட்டி வைங்க, சூட்டுல நிக்கும். மேல போனா எல்லாரும் கெழக்க பாத்து சூரியனத்தான் எடுப்பாங்க, நீங்களும் ரெண்டு எடுத்துக்கோங்க, எடுத்துட்டு ஒடன மேக்கு பக்கம் போங்க. வானம் தெளிவா இருந்தா மலையோட நெழல் அப்புடியே முக்கோணமா மூட்டத்து மேல விழுந்து கெடக்கும், கொஞ்ச நேரம்தான் இருக்கும். லென்ஸ 18ல வைங்க, எஃப் 8, ஐஎஸ்ஓ 400, முள்ளு பூச்சியத்துல. அங்க வெள்ளையும் கறுப்பும் சமமா இருக்குறதுனால மீட்டர் பெருசா ஏமாறாது.

போறதுக்கு முன்னாடி மெனுவுல கார்ட் இல்லாட்டியும் ஷட்டர் அடிக்கலாம்னு ஒண்ணு இருக்கும், வாங்கும்போது அது ஒன்லதான் இருக்கும், அத ஓஃப் பண்ணிருங்க. நான் ஒரு சீசன்ல மலையடிவாரத்து நல்லதண்ணியில இருந்து உச்சி வரைக்கும் ஏறி, நெழல் விழுற வரைக்கும் நடுங்கிக்கிட்டு நின்னு ஒரு 30, 40 படம் அடிச்சிட்டுத்தான் பாத்தேன், கார்ட் வீட்டுல லெப்டொப்ல குத்துனபடியே இருந்துச்சி.